சங்கத்துக் கணக்கு உங்கள் கைக்கு வந்தால்

பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு கோவையில் கூடும் சைபர் பாதுகாப்புச் சங்கத்துக்குப் பொருளாளர். சம்பளம் கிடையாது, டீ உண்டு. ஃபயர்வாலைப் பற்றி விடிய விடியப் பேசுகிற எங்கள் ஆட்கள், ரசீது புத்தகத்தைக் கண்டால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஐந்து வருடமாக நான்தான். அடுத்து வருகிறவருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

பொறுப்பை வாங்கும்போதே, பழைய பொருளாளரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு பாஸ்புக்கையும் கேஷ் புக்கையும் ஒத்துப் பாருங்கள். நான் மரியாதைக்காகப் பார்க்காமல் வாங்கி வந்தேன். 340 ரூபாய் இடித்தது. இரண்டு ராத்திரி தேடினால், பேங்க் பிடித்த சர்வீஸ் சார்ஜ்! யாரும் எழுதவில்லை. பேங்கில் பதிந்திருக்கும் மொபைல் எண்ணையும் அன்றைக்கே மாற்றுங்கள். எங்கள் சங்கத்து ஓடிபி, பெங்களூர் போய்விட்ட பழைய செயலாளருக்கு எட்டு மாதம் போய்க்கொண்டிருந்தது. சைபர் பாதுகாப்புச் சங்கம்!

வரவு செலவை அன்றன்றே எழுத வேண்டும். கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு அப்புறம் எழுதலாம் என்றா இருக்கிறார்? போண்டா வாங்கினாலும் வவுச்சர். உங்கள் சொந்த ஜிபேயில் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கழித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

நன்கொடையில் இரண்டு விஷயம். வரிவிலக்குப் பெற்ற சங்கமாக இருந்தாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு அந்த விலக்கு கிடைக்காது. செக்கோ யுபிஐயோ கேளுங்கள். அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்க்காரர் பணம் அனுப்புகிறேன் என்றால், கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. மற்றதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். மார்ச் 31 தாண்டியதும் கட்டைக் கொடுத்துவிட்டால் சரி.

இனி முக்கியமானது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தலைவர் பெயரில் மெயில்: “மண்டப அட்வான்ஸ் 48,000, இந்தக் கணக்குக்கு உடனே அனுப்பு.” கருத்தரங்கத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது நிஜம். கணக்கு எண்ணைக்கூட அடித்துவிட்டேன். ‘அனுப்பு’ என்ற சொல்தான் உறுத்தியது. எங்கள் தலைவர் கோபத்தில்கூட ‘ங்க’ போடாமல் பேச மாட்டார். கூப்பிட்டேன். காங்கேயத்தில் கல்யாணப் பந்தியில் இருந்தார். “நானெங்கீங்க மெயில் போட்டேன்? எலையில கை வெச்சுட்டு இருக்கறனுங்க” என்றார். திரும்பப் பார்த்தால் மெயில் முகவரியில் ஓர் எழுத்து கூடுதல்.

இன்றைக்கு ‘ங்க’ போட்டே எழுதுவார்கள், குரலையும் போலி செய்வார்கள். அதனால் இப்போது தீர்மானமே போட்டிருக்கிறோம். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால், வந்த அழைப்பில் பேசி முடிவெடுக்காமல், நம்மிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும். நெட் பேங்கிங்கில் நான் பதிவேன், செயலாளர் ஒப்புதல் தருவார். அதையும் மீறிப் பணம் போய்விட்டால், கமிட்டியைக் கூட்டிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். கமிட்டி சாயங்காலம் திட்டிக்கொள்ளட்டும்.