ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? இப்படிக் கேட்டே கெடுக்கிறோம்

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம், கடல் உயிரினங்களைப் பற்றிய புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு ஆக்டோபஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் பக்கம் நகரவில்லை. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்க, சொல்லு பார்ப்போம். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"மூணு."

"ரத்தம் என்ன நிறம்?"

"நீலம்."

"சபாஷ்! எத்தனை கை?"

புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போய்விட்டாள். கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னாள். அந்தப் படத்தில் அவ்வளவு நேரம் என்ன பார்த்தாள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள்: "மூணு இதயம் எதுக்குப்பா? ஒண்ணு நின்னுபோனா இன்னொண்ணு வேலை செய்யவா?"

எனக்கும் தெரியாது. புத்தகத்தை மறுபடி எடுத்தோம். இரண்டு இதயங்கள் ரத்தத்தைச் செவுள்களுக்கு அனுப்புகின்றன; மூன்றாவது, உடம்பு முழுக்க. நீந்தும்போது அந்த மூன்றாவது துடிப்பதை நிறுத்திவிடும், அதனால் ஆக்டோபஸ் சீக்கிரம் களைத்துவிடும், நீந்துவதைவிட ஊர்ந்து போவதுதான் அதற்குச் சௌகரியம். அவள் ஊகம் தப்பு. ஆனால் என்னுடைய மூன்று கேள்விகள் மூடவைத்த பக்கத்தை அந்தத் தப்பான ஊகம் திறக்கவைத்தது.

தகவல் புத்தகம் என்றாலே நம் கை தானாகப் பரீட்சைக்குப் போய்விடுகிறது. கதை வாசித்தால் "நல்லா இருந்துச்சா?" என்கிறோம், தகவல் வாசித்தால் "என்ன கத்துக்கிட்ட?" என்கிறோம். என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு தகவல் புத்தகம் வாசிக்கும்போது நாம் செய்கிற தவறுகளில் பெரியது இதுதான். எதையாவது கேட்டே ஆகவேண்டும் என்றால், "இதுல உன்னால நம்பவே முடியாதது எது?" என்று கேளுங்கள். அதைவிட நல்லது, நீங்கள் நம்பாததை நீங்களே முதலில் சொல்வது.

அடுத்தது, "முதலில் கதை, நன்றாக வாசிக்க வந்தபிறகு மற்றதெல்லாம்" என்ற எண்ணம். பள்ளிகளிலும் இது உண்டு. அமெரிக்காவில் நெல் டியூக் என்ற ஆய்வாளர் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் 20 வகுப்பறைகளைக் கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தகவல் நூல்களுக்குக் கிடைத்த நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம். ராஜா ராணிக் கதையில் ஒட்டாத, ஆனால் ரயில் எஞ்சின் படத்தை விட்டு நகராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதையை மட்டுமே கொடுத்துவிட்டு, "இவனுக்கு வாசிப்பே வராது" என்று முத்திரை குத்துவது அநியாயம்.

இதோடு ஒட்டியதுதான், "இது உன் வகுப்புக்கு மேல" என்று புத்தகத்தைப் பிடுங்குவது. ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளை டைரனோசாரஸ் என்ற பெயரைத் திக்காமல் சொல்வதும் இப்படித்தான். பிடித்த விஷயம் என்றால் கடினமான பக்கத்திலும் பிள்ளை தாக்குப்பிடிக்கும்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாக வாசிக்கவைப்பதும் வேண்டாத வேலை. இது கதை இல்லை. நடுவில் நுழைந்தால் எதுவும் கெடாது. பொருளடக்கத்தைக் காட்டி, "உனக்கு எது வேணும்?" என்று கேட்டால் போதும். பாம்பு மட்டும் போதும் என்றால் பாம்பு மட்டும்.

படங்களில் பெரியவர்கள்தான் கோட்டை விடுகிறோம். நம் கண் நேரே பத்திக்குப் போகிறது. படக்குறிப்பு, அம்புக்குறி, திமிங்கிலத்தின் பக்கத்தில் அளவுக்காக வரைந்த குட்டி மனிதன் எதையும் நாம் பார்ப்பதில்லை. பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிப் படத்தை நான் முட்டையில் ஆரம்பித்து விளக்கினேன். "பட்டாம்பூச்சிலேர்ந்து ஏன் ஆரம்பிக்கக் கூடாது? அதுதானே முட்டை போட்டுச்சு?" என்றாள். வட்டமாக வரைந்ததே அதற்குத்தான்! அம்புக்குறியின் மேல் விரலை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினோம். அந்தப் பக்கத்தில் எழுத்தாக இருந்த பத்தியை அன்று தொடவே இல்லை.

புரியாத சொல் வந்ததும் பாய்ந்து விளக்கவும் வேண்டாம். நல்ல தகவல் புத்தகங்களில் விளக்கம் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே இருக்கும். "இன்னும் ஒரு வரி படிச்சுப் பாரு" என்றால் பாதிச் சொற்களைப் பிள்ளையே பிடித்துவிடும். நாம் வாசித்துக் காட்டும்போது செய்தி அறிக்கைக் குரலை விட்டுவிட வேண்டும். நீல ரத்தம் என்ற சொல்லை உரக்க வாசிக்கும்போது கொஞ்சமாவது அதிர்ச்சி வேண்டாமா?

கடைசியாக, அச்சில் இருந்தால் சரி என்று பழக்குவது. புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து 2006-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அது குறுங்கோள். அதற்கு முன் அச்சான புத்தகங்களில் இன்னமும் ஒன்பது கோள்கள்தான். பதிப்பித்த ஆண்டு எங்கே போட்டிருக்கும் என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால், பிள்ளைகள் துப்பறிகிறவர்களைப் போல அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பழைய விண்வெளிப் புத்தகத்தில், புளூட்டோவின் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது: "இப்ப இல்ல. பாவம்." வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறாள்.