கைவிட்டுப்போன விமானந்தாங்கித் தாக்குதல் திறனை மீட்பது எப்படி?

பணத்தைக் கொட்டினால் கப்பல் வந்துவிடும். அதை நடத்தத் தெரிந்த ஆட்கள் வரமாட்டார்கள். பிரிட்டன் 2010 அக்டோபரில் ஹாரியர் போர் விமானங்களையும் எச்எம்எஸ் ஆர்க் ராயல் விமானந்தாங்கிக் கப்பலையும் கைவிட முடிவெடுத்தது. அந்த நவம்பர் 24-ல் ஆர்க் ராயலிலிருந்து கடைசி ஹாரியர் கிளம்பியது. புதிய விமானந்தாங்கியான எச்எம்எஸ் குயின் எலிசபெத்தில், செங்குத்தாக இறங்கக்கூடிய எஃப்-35பி போர் விமானம் முதன்முதலாக இறங்கியது 2018 செப்டம்பர் 25-ல். இந்த இடைவெளியை அவர்கள் தாண்டிய விதம், இதே வேலையில் இறங்கும் எந்தக் கடற்படைக்கும் பாடம்.

முதலில் ஆட்களின் பட்டியல் போடுங்கள். கப்பலுக்கு இரும்பு வெட்டுவதெல்லாம் அப்புறம். விமானிகள், கப்பலின் மேல்தளத்தில் விமானத்தை நகர்த்துபவர்கள், குண்டு ஏற்றுபவர்கள், வான் போக்குவரத்தைப் பார்ப்பவர்கள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவினரையும் நட்பு நாட்டுக் கப்பல்களுக்கு அனுப்புங்கள். பிரிட்டிஷ் விமானிகளும் தளப் பணியாளர்களும் அமெரிக்கக் கப்பல்களில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தது இதற்காகத்தான். இரவில், ஆடும் தளத்தில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே கைச்சைகை காட்டி விமானத்தை நிறுத்தும் பழக்கம் வகுப்பறையில் வராது.

கேப்டன்களுக்கும் இதேதான். விமானந்தாங்கிக்குத் தலைமை ஏற்கும் அதிகாரி உருவாக 20 ஆண்டுக்கு மேல் ஆகும். அவசரத்துக்கு ஒருவரைத் தயாரிக்க வழியில்லை. ஜெர்ரி கிட் ஆர்க் ராயலின் கடைசி கேப்டன். பிறகு ஹெலிகாப்டர் கப்பலாகிவிட்ட இலஸ்ட்ரியஸ், அடுத்து டார்ட்மத் பயிற்சிக் கல்லூரி, அதன்பின் குயின் எலிசபெத். 2017 ஜூனில் ரொசைத் கப்பல்கட்டும் தளத்திலிருந்து அக்கப்பலை முதன்முதலாகக் கடலுக்கு எடுத்துச் சென்றவர் அவரே. கப்பல் இல்லாத ஆண்டுகளிலும் இப்படிச் சிலரையாவது தொடர்பு அறாமல் வைத்திருங்கள்.

எந்த விமானம் என்பதை ஒரே முறை முடிவு செய்யுங்கள். பிரிட்டன் 2010-ல் எஃப்-35சி ரகத்துக்கு மாறியது. அதற்கு விமானத்தை உந்தி அனுப்பும் கருவியும் இறங்கும்போது பிடித்து நிறுத்தும் கம்பிகளும் தேவை. செலவு எகிறியதும் 2012 மே மாதத்தில் எஃப்-35பி ரகத்துக்கே திரும்பியது. வீணானது காலமும் பணமும்.

தளச் சோதனையில் அவசரம் கூடாது. ஹெலிகாப்டரில் தொடங்குங்கள். அடுத்து அளவுக்கருவிகள் பொருத்திய 2 விமானங்கள் போதும். பகல், இரவு, பக்கக் காற்று, அலை, கூடுதல் எடை, பிறகு ஆயுதம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 2018 சோதனையில் 202 முறை தளத்திலிருந்து பறந்தெழுந்தார்கள். 187 முறை செங்குத்தாகவும் 15 முறை சற்றே உருண்டும் இறங்கினார்கள். உருண்டு இறங்கினால் இறக்கையின் தூக்குவிசையும் சேரும்; பயன்படுத்தாத குண்டைக் கடலில் வீசாமல் திருப்பிக் கொண்டுவரலாம்.

பெரிய இழப்பு சின்னப் பொருளால் வரும். 2021 நவம்பர் 17-ல் மத்தியதரைக் கடலில் ஓர் எஃப்-35பி மேலேறத் தேவையான உந்துவிசை கிடைக்காமல் குயின் எலிசபெத் தளத்தின் முனையிலிருந்து கடலில் விழுந்தது. விமானி வெளியே குதித்துத் தப்பினார். காற்று நுழையும் வாயை மூடும் அடைப்பு ஒன்று அகற்றப்படாமல் உள்ளேயே இருந்ததுதான் காரணம். எனவே ஒவ்வொரு அடைப்புக்கும் எண் போடுங்கள். கழற்றியதை ஒரே இடத்தில் அடுக்கி, எஞ்சினை முடுக்குமுன் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை உதைத்தால் விமானம் நகரக்கூடாது.

கப்பல் ஒன்று போதாது. 2022 ஆகஸ்டில் பிரிட்டனின் இன்னொரு விமானந்தாங்கியான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலின் சுழலித் தண்டு இணைப்பு பழுதாகி, அதற்குப் பதிலாகக் குயின் எலிசபெத் போனது. 2024 பிப்ரவரியில் கதை தலைகீழ். துணைக் கப்பல்களுக்கும் இதே கணக்குதான்: குயின் எலிசபெத்தின் 2021 பயணத்தில் டைமண்ட் என்ற நாசகாரிக் கப்பல் எஞ்சின் கோளாறால் பாதியில் நின்றுவிட்டது. உணவு, உதிரிபாகம், குண்டு ஏற்றிச்செல்ல ஃபோர்ட் விக்டோரியா என்ற துணைக் கப்பல் ஒன்றே இருந்தது. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை அது.

அவசரத்துக்கு இறங்கும் விமானநிலையங்களுக்கும் பழுதுபார்க்கும் குழு, கருவி, அனுமதி எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். 2025 ஜூன் 14-ல் திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி, ஹைட்ராலிக் கோளாறு சரியாகி ஜூலை 22-ல்தான் கிளம்ப முடிந்தது.