இளவேனில் பனிமலையில் பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கும் முறை

சித்திரை விடுமுறைக்கு மட்டக்களப்பிலிருந்து சுவிஸ் செல்லும் நம் இளைஞர்கள், அங்கேயே வளர்ந்த மச்சான்மாருடன் கண்காணிப்பில்லாத மலைச்சரிவுகளில் பனிச்சறுக்குக்குப் புறப்படும்போது, அனுபவமுள்ள வழிகாட்டி உடன் வந்தாலும் பின்வருவனவற்றைத் தாமும் கவனிக்க வேண்டும்.

டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் மாலை 5 மணிக்கு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையை முதல்நாளே வாசியுங்கள். அபாயம் 1 முதல் 5 வரை தரப்படுத்தப்படுகிறது. இளவேனிலில் காலையில் குறைவாக இருக்கும் அபாயம் பகல் ஏற ஏறக் கூடலாம் என்பதால், அந்த மாற்றத்தைப் பற்றிய வரிகளைத் தவறவிடாதீர்கள்.

அடுத்து, முந்திய இரவைப் பாருங்கள். வானம் தெளிந்திருந்தால், பகலில் உருகிய பனி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து இறுகுகிறது. மேகம் மூடினால் அந்த இழப்பு குறைகிறது. மாசி மாதத்தில் நம் வயல்வெளி தெளிந்த இரவில் குளிர்வதும், மப்பு மூடிய இரவில் புழுங்குவதும் இதே காரணத்தால்தான். ஆகவே வெப்பமானியை மட்டும் நம்பாமல், சறுக்குக் கோலை ஊன்றிப் பாருங்கள். அதன் முனை பனியின் மெல்லிய மேலோட்டை உடைத்து ஈரப்பனிக்குள் இறங்கினால், அன்று செங்குத்தான சரிவுகளைத் தவிர்ப்பதே சரி.

வெயில் முதலில் கிழக்குச் சரிவையும், பின்னர் தெற்கையும் மேற்கையும் இளக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளே பெரும்பாலும் சரிகின்றன என்றாலும், அவற்றின் அடியில் நிற்பவருக்கும் அதே ஆபத்து உண்டு. மேற்பரப்பு ஓரிரு சென்ரிமீற்றர் மட்டும் இளகிய வேளை சறுக்குவதற்கு மிக நல்லது. சப்பாத்து கணுக்கால்வரை புதைந்தாலோ, பாறையோரங்களிலிருந்து பனி உருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் உடனே மென்சரிவுக்கு இறங்கிவிடுங்கள். தரைவரை பிளந்த வெடிப்புகளுக்குக் கீழே எந்த நேரத்திலும் நிற்க வேண்டாம். அவை இரவிலும் சரியக்கூடும்.

விடியுமுன் புறப்பட வேண்டியிருப்பதால், உறவினர் வீட்டில் காலைப் பிட்டுக்குக் காத்திராமல் அதைக் கட்டிக்கொண்டு செல்லுங்கள். மச்சான் முன்னே போய்விட்டார் என்ற கூச்சத்தில் பின்தொடர வேண்டாம். சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐயமான சரிவை ஒவ்வொருவராகக் கடந்து, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து அவரைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும்.

புதையுண்டவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், தோண்டுவதற்கான சவள் ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருப்பது கட்டாயம். புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10 நிமிடங்களுக்குப் பின் வேகமாகக் குறைவதால், தோழர்கள் உடனே தேடத் தொடங்க, ஒருவர் வான்வழி மீட்புக்கான 1414 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும்.