சார்ட்டர் பள்ளியும் தனிப்பயன் கற்றலும்: புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கலிஃபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி தொடங்க நினைப்பவர்கள் அதற்கு அனுமதி கேட்கும் மனுவின் வரைவை என்னிடம் படிக்கத் தருவதுண்டு. மென்பொருள் வேலையை விட்டுவிட்டுக் கல்விக்கு வந்த நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். அண்மைக் காலமாக வரும் வரைவுகளில் எல்லாம் ஒரே கனவுதான்: ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கென்று ஒரு பாடம், அதற்கென்று ஒரு வேகம், பக்கத்தில் அலுக்காமல் பதில் சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவு ஆசிரியர். பத்தாண்டுகளுக்கு முன் நாங்கள் இடறிய அதே கல்லில் இவர்களும் வந்து இடறுகிறார்கள்.

கட்டட வாடகை, குலுக்கல் முறைச் சேர்க்கை, கணக்குத் தணிக்கை பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை உங்கள் வழக்கறிஞர் சொல்வார். சொல்லாவிட்டால் வழக்கறிஞரை மாற்றுங்கள்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல், தனி நிர்வாகக் குழு நடத்தும் பொதுப் பள்ளி. 1991இல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா பின்தொடர்ந்தது. இன்று அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 8,000 பள்ளிகள், 37 லட்சம் மாணவர்கள். பாடமுறையில் பள்ளிக்குச் சுதந்திரம் உண்டு. பதிலுக்கு, குறித்த காலத்துக்கு ஒருமுறை ‘பிள்ளைகள் படித்தார்களா?’ என்ற கேள்விக்குக் கணக்குக் காட்டி அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

‘அவரவர் வேகத்தில் போகட்டும்’ என்று விட்டுவிடுவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் கணிதம் கற்பித்த பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். மென்பொருள் அவனைச் சோதித்துப் பார்த்து, நான்காம் வகுப்புப் பின்னங்களில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதில் தவறில்லை, அவன் நிலை அதுதான். அதன் பிறகு நடந்ததுதான் அநியாயம். தினமும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடங்களை முடித்துக்கொண்டே போனான். யார் எவ்வளவு முடித்தார்கள் என்று காட்டும் டாஷ்போர்டில் அவன் பெயருக்கு நேராகப் பச்சை நிறம். பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மா அந்தப் பச்சையைப் பார்த்து மகிழ்ந்து போனார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னேன். மேலே இருப்பதைத் தனியாகவும் கீழே இருப்பதைத் தனியாகவும் கூட்டி, 2/7 என்றான். சற்றும் தயங்கவில்லை. அந்தப் பாடத்தில் அவன் ‘தேர்ச்சி’ பெற்றுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், தவறினால் மறுபடி தொடலாம் என்றால், பின்னம் தெரியாத புத்திசாலிப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? தொடக் கற்றுக்கொள்வான்.

நிர்வாகத்திடம் சொன்னபோது, ‘அவன் தன் வேகத்தில் போகிறான், அவசரப்படுத்தாதீர்கள்’ என்றார்கள். வகுப்பறையில் ஆசிரியருக்கு இருந்த வேலை, சுற்றி நடந்து யார் திரை அணைந்திருக்கிறது என்று பார்ப்பது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று வகுப்பு பின்தங்கிய பிள்ளை ஆண்டுக்கு ஒரு வகுப்பு வீதம் முன்னேறினால், எப்போதும் மூன்று வகுப்பு பின்தங்கியே இருப்பான். முன்னே போகும் பஸ்ஸின் வேகத்திலேயே பின்னால் ஓடிப் பஸ்ஸைப் பிடித்தவர் யாரும் இல்லை. பின்தங்கிய பிள்ளைக்குத் தேவை அவனுடைய வேகம் அன்று, அதைவிடக் கூடுதலான வேகம். அதை அவனால் தனியாக எட்ட முடியாது, உடன் ஒருவர் வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளையோ இதே ஏற்பாட்டில் பறந்துவிடுகிறான். ஆண்டு முடிவில் வகுப்புச் சராசரி அழகாக இருக்கும். அதன் அடியில் இடைவெளி இரட்டிப்பாகியிருக்கும்.

இதற்குள் அனுமதி புதுப்பிக்கும் காலம் வந்துவிடும். மாநிலத் தேர்வு ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ஏழாம் வகுப்புக் கணக்கைத்தான் கேட்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு அவன் உண்மையாகவே ஏறியிருந்தாலும் அந்தத் தாளில் அது பெரிதாகத் தெரியாது. கலிஃபோர்னியாவில் 2019இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி நல்ல நிலையில் உள்ள பள்ளிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கிடைக்கலாம். கடைசித் தரத்தில் உள்ள பள்ளிக்கு மறுப்பு, தப்பினால் இரண்டே ஆண்டுகள். பள்ளி மூடினால் நிர்வாகிகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். 2/7 என்று சொன்ன பையன் எங்கே போவான்?

இந்த இடத்தில் எல்லோரும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூமின் 1984ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு வருவார்கள். தனி ஆசிரியர் வைத்துப் படித்தால் இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேறலாம் என்றாரே என்பார்கள். ஐயா, அவர் சொன்ன தனி ஆசிரியர் ஒரு மனிதர். தவறு நேர்ந்த இடத்தில் நிறுத்தி, திருத்தி, மறுபடி சோதிக்கிறவர். அவ்வளவு பெரிய பலன் பிந்தைய ஆய்வுகளில் கிடைக்கவும் இல்லை.

மென்பொருளே வீண் என்று நான் சொல்லவில்லை. டில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளின் மையங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அங்கே ஒரு அமர்வு 90 நிமிடம். அதில் பாதிதான் கணினி. மீதிப் பாதி சிறு குழுவாக ஒரு ஆள் முன் உட்கார்ந்து படித்தது. அந்தப் பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதும் இதே எண்ணத்தில்தான். அங்கும் அரும்பு எப்போது மொட்டாகும் என்று கவனிக்க ஒரு ஆசிரியர் இல்லையென்றால் அது வெறும் முத்திரை.

செய்ய வேண்டியது இது. வேகத்துக்குக் கீழ் வரம்பு வையுங்கள்; அதற்குக் கீழே போனால் அந்த வாரமே ஆசிரியர் தலையிட வேண்டும். பழைய ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைத்த பிறகுதான் ஏழாம் வகுப்புப் பாடம் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த வாரம் விகிதம் நடத்தப் போகிறீர்கள் என்றால், அதற்கு வேண்டிய பின்னத்தை மட்டும் இந்த வாரம் சிறு குழுவில் சரிசெய்து, எல்லோருடனும் சேர்த்து உட்கார வையுங்கள். தேர்ச்சி என்று மென்பொருள் சொன்னதை, வாரத்துக்கு ஒருமுறையாவது காகிதத்தில், பிள்ளையின் கையெழுத்தில் சரிபாருங்கள்.

திரை நேரத்தைப் படித்த நேரமாக எழுதுவது

ஒஹாயோவில் எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ என்று ஒரு இணையவழி சார்ட்டர் பள்ளி இருந்தது. பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்று மாநிலம் ஆதாரம் கேட்டது, காட்ட முடியவில்லை. ஏறத்தாழ 8 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டார்கள். 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி மூடியது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேடினார்கள்.

இணையவழி சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2015இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கசப்பானது: ஒத்த நிலையில் உள்ள வழக்கமான பள்ளி மாணவரோடு ஒப்பிட்டால் கணிதத்தில் ஆண்டுக்கு 180 நாள் பாடம் குறைவு, வாசிப்பில் 72 நாள். பள்ளி ஆண்டே 180 நாள்தான்.

நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைப்பது

சான் ஹோசேயின் ராக்கெட்ஷிப் பள்ளிகள் முயன்று பார்த்துப் பின்வாங்கிவிட்டன. நீங்களும் முயல வேண்டியதில்லை.

சிறப்புக் கல்வியைத் தட்டிக் கழிப்பது

‘எங்களிடம் எல்லோருக்குமே தனித் திட்டம்தான்’ என்று மனுவில் எழுதாதீர்கள். மாற்றுத்திறன் குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டம் 1975 முதல் கூட்டாட்சிச் சட்டம்; எல்லோருக்குமான உங்கள் திட்டம் அதற்கு ஈடாகாது.

முதலீட்டாளரிடம் பேசியதை மனுவில் ஒட்டுவது

2013இல் தொடங்கிய ஆல்ட்ஸ்கூல் 17 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அது சார்ட்டர் அன்று, தனியார் பள்ளி. சில ஆண்டுகளில் பள்ளிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, மென்பொருள் விற்கும் நிறுவனமாகப் பெயர் மாறியது. சம்மிட் என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமத்தின் மென்பொருளை உருவாக்க ஃபேஸ்புக் பொறியாளர்களே உதவினார்கள். ஆனாலும் 2018 நவம்பரில் புரூக்ளினில் அதைப் பயன்படுத்திய ஒரு பள்ளியின் மாணவர்கள் வெளிநடப்பு செய்தார்கள், அடுத்த ஆண்டு கான்சாஸில் பெற்றோர் எதிர்த்தார்கள். நாள் முழுக்கத் திரை முன் உட்கார வைக்கிறீர்கள் என்பதுதான் இரண்டு இடத்திலும் கேட்ட புகார்.

இப்போது காற்று மறுபடி அதே பக்கம் வீசுகிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று சொல்லும் அன்பவுண்ட் அகாடமிக்கு அரிசோனா 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே பென்சில்வேனியா மறுத்தது. இனி வரும் மனுக்களும் இப்படித்தான், மாநிலத்துக்கு மாநிலம் வேறு பதில் வாங்கும் என்று நினைக்கிறேன். கேட்டதும் விடையை அவிழ்த்துவிடும் அரட்டைக் கருவி, தொடக் கற்றுக்கொண்ட அந்தப் பையனுக்கு இன்னும் வசதி. அதனால் மென்பொருளின் பெயரை எழுதும் முன், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எந்த ஆசிரியர் எந்த ஆறு பிள்ளைகளோடு எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார் என்ற அட்டவணையை மனுவில் வையுங்கள். அது இல்லாத வரைவை நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.