சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளிலிருந்து வணிகத்துக்காக ஜெர்மனிக்குச் செல்வோர் எங்கள் வட்டாரத்தில் பலர் உண்டு. அவர்கள் வான்வழித் தூரத்தை வேலூரிலிருந்து அளக்காமல், விமானம் புறப்படும் மீனம்பாக்கத்திலிருந்தே அளக்க வேண்டும். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வரையிலான சாலைப் பயணம் தனிக் கணக்கு.

சுவரில் மாட்டிய உலகப் படத்தின் மேல் அளவுகோல் வைத்து அளப்பது சரிவராது. மெர்கேட்டர் முறையில், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்துக் காட்டும் ஒரு முறையில், வரைந்த படத்தில் அளவுகோலின் நேர்கோடு ஈரானின் தெற்கிலுள்ள ஷிராஸ் நகருக்கு அருகே செல்லும். உருண்டையான பூமியின் மீதுள்ள மிகக் குறுகிய பாதையோ அதே நாட்டின் வட எல்லையில், காஸ்பியன் கடலின் தென்கரையை ஒட்டிச் செல்லும். இதைக் கண்ணால் பார்க்க, பள்ளியில் உள்ள உலக உருண்டையில் சென்னைக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் போதும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஒரு செ.மீ. ஏறக்குறைய 425 கி.மீ. ஆகும். நூல் 18 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது சுமார் 7,600 கி.மீ. கூகுள் மேப்ஸில் தூரத்தை அளக்கும் வசதியும் இந்த வளைவைக் கணக்கில் கொள்வதால், அதிலும் இதே விடைதான் கிடைக்கும்.

பெரிய பயணிகள் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. தூரத்தை 850 ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் கூட்டினால் ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் வரும். நடைமுறையில் இதைவிட அதிகமாகவே ஆகும். மூடப்பட்ட வான்பரப்புகளைச் சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும், மேற்கே போகும்போது உயரத்தில் வீசும் எதிர்க்காற்றும் வேகத்தைக் குறைக்கும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் மிச்சமாகும்.

பயணச்சீட்டில் இரு நேரங்களும் அந்தந்த ஊர் நேரப்படி அச்சிடப்படுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இரவு 2 மணிக்குப் புறப்பட்டுக் காலை 8 மணிக்கு இறங்கும் விமானம் ஆறு மணி நேரம் பறப்பதில்லை. குளிர்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அது பத்தரை மணி நேரப் பயணம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்த வித்தியாசம் மூன்றரை மணி நேரமாகக் குறையும்.

வேலூரிலிருந்து வாலாஜாபேட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாக மீனம்பாக்கம் செல்ல மூன்று மணி நேரமும், சோதனைகளுக்காக முன்கூட்டியே போய்ச் சேர மூன்று மணி நேரமும் ஒதுக்க வேண்டும். துபாயில் விமானம் மாறினால், சென்னை-துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்-ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 4,840 கி.மீ. என்று தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும். அப்படியும் தூரம் 200 கி.மீ. கூட அதிகமாகாது, கூடுகிற நேரம் பெரும்பாலும் துபாயில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரமே என்பதால், சீட்டு எடுக்கும்போது அந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.