ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி

ஹாஸ்டலில் லேப்டாப் காணாமல் போன அறைக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பூட்டு உடைந்திருக்காது, கதவு திறந்தே கிடந்திருக்கும். ஒருவர் குளிக்கப் போயிருப்பார், ஒருவர் மெஸ்ஸில் இருப்பார், மூன்றாமவர் “அதான் அவன் இருக்கானே” என்று வெளியே போயிருப்பார். கட்டில்மேல் சார்ஜில் கிடக்கும் லேப்டாப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் கையோடு தூக்க முடியாதபடி செய்வது முதல் வேலை. அப்படியும் போய்விட்டால் அது உங்களுடையது என்று நிரூபிக்கவும், உள்ளே இருப்பதை வேறு யாரும் பார்க்காமல் தடுக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது இரண்டாவது வேலை. இரண்டுக்கும் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே சரியான நேரம்.

பூட்டு

அறைக்குப் புதுப் பூட்டு வாங்குங்கள். போன வருடம் இருந்தவர்கள் விட்டுப்போன பூட்டு வேண்டாம், அதற்கு எத்தனை சாவி யாரிடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நம்பர் பூட்டையும் கதவுக்குப் போடாதீர்கள். மூன்று இலக்கம் என்றால் மொத்தமே 1000 எண்கள்தான். மலிவான பூட்டில் வளையத்தை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றினால் எங்கே சிக்குகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். சாவி போட்டால் உள்ளே இருக்கும் பல தகடுகள் உயர்ந்து திறக்கும் லீவர் பூட்டு நல்லது. திண்டுக்கல் பூட்டு கிடைத்தால் யோசிக்க வேண்டாம்.

பூட்டைவிட அது தொங்கும் கொண்டிதான் பல ஹாஸ்டல்களில் பலவீனமானது. கதவைப் பூட்டிவிட்டு வெளியே நின்று பாருங்கள். கொண்டியைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலை வெளியே தெரிந்தால், ஒரு திருப்புளி போதும், பூட்டைத் தொடாமலே கழற்றிவிடலாம். வார்டனிடம் சொல்லி, அந்தத் திருகுகளுக்குப் பதிலாகக் கதவை ஊடுருவி உட்புறம் நட்டு மாட்டும் போல்ட்டுகளைப் போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை மணி நேர வேலை.

மூன்று பேருக்கு மூன்று சாவி. கதவு நிலைக்கு மேலே, ஷூவுக்குள், ஜன்னல் விளிம்பில் என்று ஒரே சாவியை ஒளித்து வைக்கும் பழக்கம் இருக்கவே கூடாது. அந்த இடங்கள் பிளாக் முழுக்கத் தெரியும். “கடைசியாக வெளியே போகிறவர் பூட்ட வேண்டும்” என்ற விதியும் பலிக்காது, ஏனென்றால் தான்தான் கடைசி என்று எவருக்கும் தெரியாது. உள்ளே ஆளைக் கண்ணால் பார்க்காவிட்டால் பூட்டிவிடுவது என்று மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கும் இது பொருந்தும்.

கோடையில் காற்றுக்காகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது தமிழ்நாட்டு ஹாஸ்டல்களில் சாதாரணம், விடியற்காலைத் திருட்டுக்கு அதுவே வழி. கதவைத் தாழிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆனால் ஜன்னலோரம் மேசையைப் போட்டு அதில் லேப்டாப்பைச் சார்ஜ் போடாதீர்கள். கம்பிக்கு நடுவே ஒரு குச்சியின் நுனியில் கொக்கி கட்டி, சார்ஜர் ஒயரையோ பையின் வாரையோ இழுத்துவிட முடியும். கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் மெல்லிய லேப்டாப் செங்குத்தாகவே வெளியே போய்விடும். கொசுவலையை பிளேடால் கிழிக்கலாம் என்பதால் அதைப் பாதுகாப்பாக எண்ண வேண்டாம். ஒட்டடைக் குச்சி எவ்வளவு தூரம் எட்டுமோ அதற்கு அப்பால் வையுங்கள்.

கேபிள் பூட்டு

லேப்டாப்பின் பக்கவாட்டில் சின்னச் செவ்வகத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஃகுக் கேபிள் பூட்டு மாட்டலாம். வாங்குமுன் துளையை அளந்துகொள்வது அவசியம். வழக்கமான கென்சிங்டன் துளை 7 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம். மெல்லிய லேப்டாப்களில் வரும் நானோ துளை 6 மி.மீ.க்கு 2.5 மி.மீ. டெல்லின் பல மாடல்களில் ஆப்பு வடிவத் துளை இருக்கும். ஒன்றுக்கானது மற்றதில் உட்காராது. சில சமயம் உள்ளே நுழைந்து பூட்டியதுபோலவும் தோன்றும், ஆனால் பலமாக இழுத்தால் கழன்று வந்துவிடும். கடையிலேயே மாட்டி இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேபிளின் மறுமுனையை எதில் சுற்றுகிறோம் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மேசைக் காலிலோ கட்டில் காலிலோ சுற்றினால், ஒரு மூலையைத் தூக்கிக் கேபிளை உருவிவிடலாம். இரும்புக் கட்டிலில் இரண்டு முனையும் வெல்டிங் செய்யப்பட்ட குறுக்குக் கம்பியைத் தேடி அதில் சுற்றுங்கள். வெட்டும் கருவியோடு வருகிறவனை இந்தக் கேபிள் நிறுத்தாது. ஆனால் திறந்த அறையில் எட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போகிறவன் அந்தக் கருவியோடு வருவதில்லை.

மேக்புக்கிலும் பல மெல்லிய லேப்டாப்களிலும் துளையே கிடையாது. அவற்றுக்கு நம்ம ஊர் டிரங்குப் பெட்டி அருமையான தீர்வு. இரு முனையிலும் வளையம் உள்ள எஃகுக் கேபிளை வாங்கிக் கட்டில் கம்பியில் சுற்றி, முனை வளையங்களைப் பெட்டியின் பூட்டு வளையத்திலேயே கோத்துப் பூட்டுங்கள். கைப்பிடியில் கட்டாதீர்கள், அதன் ரிவெட் எளிதில் பிய்ந்துவிடும். பெட்டிக்குள் வைக்குமுன் லேப்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்ய வேண்டும். ஸ்லீப்பில் வைத்தால் தானே விழித்து, காற்றோட்டம் இல்லாமல் சூடேறலாம்.

ஹாஸ்டல் தரும் இரும்பு அலமாரியை நம்புகிறவர்கள் ஒரு சோதனை செய்யுங்கள். மொத்தமாக வாங்கிய மலிவு அலமாரிகளில் சாவி வகைகள் சிலதான் இருக்கும். பக்கத்து அறை நண்பர்களின் சாவிகளை வாங்கி உங்கள் அலமாரியில் போட்டுப் பாருங்கள். ஒன்று திறந்தாலும் வெளியே தனிக் கொண்டி அடித்துச் சொந்தப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

அடையாளமும் ஆவணமும்

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். டெல் என்றால் சர்வீஸ் டேக் என்று 7 எழுத்துகள் இருக்கும். ரசீதையும் லேப்டாப் வந்த அட்டைப்பெட்டியின் மேலுள்ள ஸ்டிக்கரையும் படமெடுத்து மூன்றையும் வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். அந்த அட்டைப்பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பல ரசீதுகளில் சீரியல் எண் அச்சாகியிருக்காது, அப்போது பெட்டிதான் சாட்சி. ரசீது மாமா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள், புகாரில் எழுத வேண்டி வரும்.

அரசு தரும் மடிக்கணினி என்றால் ஒரே பிளாக்கில் ஒரே மாதிரி பல இருக்கும், மாறிப் போவதும் உண்டு. பெயரும் ரோல் நம்பரும் அழியா மையில் லேப்டாப்பின் அடிப்பகுதியிலும் சார்ஜரிலும் எழுதுங்கள்.

மொபைலுக்கு இருப்பதுபோல லேப்டாப்புக்கும் ஐஎம்இஐ எண் இருக்கிறது, மத்திய அரசின் தளத்தில் முடக்கிவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். சிம் போடாத சாதாரண லேப்டாப்பில் அந்த எண் இல்லை, அந்த வழியும் இல்லை.

உள்ளே இருப்பதற்கு

லாகின் பாஸ்வேர்டு மட்டும் போதாது. அடிமூடியைத் திறந்து ஃபைல்கள் சேமிக்கப்படும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் தெரியும். விண்டோஸில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் அதை ஆன் செய்யுங்கள், கழற்றி மாட்டினாலும் படிக்க முடியாதபடி ஃபைல்கள் மறையாக்கப்படும். ப்ரோ பதிப்பில் அதே வேலைக்கு பிட்லாக்கர் இருக்கும். விண்டோஸ் திறக்க மறுத்தால் கேட்கும் 48 இலக்க ரெக்கவரி கீயை உடனே எடுத்து, அச்சிட்டு வீட்டில் வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்தால் பயனில்லை.

அதே பக்கத்தில் ஃபைண்ட் மை டிவைஸ் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்து லொகேஷனும் ஆனில் இருந்தால்தான் அது வேலை செய்யும். போனிலிருந்து ஒரு முறை தேடிப் பாருங்கள். லேப்டாப் ஆனாகி இணையத்தில் சேர்ந்தால்தான் இடம் தெரியும் என்பதால் இதையே பெரிதாக நம்பி இருக்காதீர்கள்.

விண்டோஸுக்கு முன்பே லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டு, யுஎஸ்பியிலிருந்து தொடங்குவதையும் அடைத்துவிட்டால் பென் டிரைவால் ஃபார்மட் செய்வது கடினமாகும். ரெக்கவரி கீ கையில் வந்த பிறகே பயாஸைத் தொடுங்கள். பயாஸில் மாற்றம் செய்தால் அடுத்த முறை விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம். மறந்துபோன பயாஸ் பாஸ்வேர்டை எடுக்கச் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் ஃபைல்களை மறையாக்கும் ஃபைல்வால்ட்டையும் இடத்தைத் தேடும் ஃபைண்ட் மையையும் ஆன் செய்தால் போதும். ஆப்பிள் சிப் உள்ள மாடல்களில், உங்கள் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அழித்துப் பயன்படுத்த விடாத ஆக்டிவேஷன் லாக்கும் சேர்ந்து வந்துவிடும்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டின் இன்னொரு பிரதி லேப்டாப் பையிலுள்ள பென் டிரைவில் இருந்தால் அதுவும் பையோடு போகும். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம், கல்லூரி தரும் கணக்கிலும் இடம் இருக்கும். வாரம் ஒருமுறை ஏற்றிவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது

பொங்கல், தீபாவளி, செமஸ்டர் கடைசி நாள்: இந்த நாட்களில் ஹாஸ்டலில் எல்லார் கையிலும் பெரிய பை இருக்கும், யார் எதைத் தூக்கிப் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். லேப்டாப்பை அறையில் விட்டுப் போகாதீர்கள். இரவுப் பேருந்தில் தலைக்கு மேலுள்ள ராக்கில் வைக்க வேண்டாம், பையின் வாரைக் காலில் மாட்டிக் கால்மாட்டில் வையுங்கள். ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் வளையம் இருக்கும், டிரங்குக்கு வாங்கிய கேபிள் அங்கேயும் உதவும். ரயிலில் காணாமல் போனால் 139-ஐ அழையுங்கள்.

போய்விட்டால்

மற்றவர்களின் பெட்டிகளைக் கூட்டமாகச் சோதிக்க இறங்காதீர்கள். சண்டைதான் வரும், தடயமும் அழியும். முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு வங்கிக் கணக்கு. பிறகு ஃபைண்ட் மை டிவைஸில் லாக் செய்யுங்கள். மேக்கைக் கணக்கிலிருந்து மட்டும் நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் ஆக்டிவேஷன் லாக்கும் போய்விடும். வரைபடத்தில் இடம் தெரிந்தாலும் தனியாகப் போகாமல் போலீஸோடு போங்கள்.

அன்றே வார்டனுக்கு எழுத்தில் கொடுங்கள். அதில் தேதி, நேரம் குறிப்பிட்டு அந்த மணி நேரத்தின் சிசிடிவி பதிவை எடுத்து வைக்கக் கேளுங்கள். டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின்மேலேயே புதியது பதிவாகும்.

“ரெண்டு நாள் பார்ப்போம், தானா வந்துடும்” என்று சொல்வார்கள். காத்திருக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். குடியிருக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் வரும். புகார் வந்ததாக மட்டும் சொல்லும் சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்தால், வழக்காகப் பதியும் எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) போடச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் அதற்கும் எஃப்ஐஆர்தான் கேட்பார்கள். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் அதே பிரிவின்படி எஸ்பிக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம்.

லேப்டாப் பிடிபட்டால் அது வழக்குச் சொத்தாக நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்காலமாகத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அங்கே கேட்கப்படுவது ரசீதும் சீரியல் எண்ணும்தான். கையில் வந்ததும் பழைய ஃபைல்களைத் தேடி உள்ளே போகாமல், விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு பயன்படுத்துங்கள். இடையில் அதில் என்ன ஏற்றப்பட்டது என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது.