பென் டிரைவ் 'ஃபார்மேட் செய்' என்று கேட்டால்

முதலில் கேன்சல் கொடுங்கள். ஃபார்மேட் பிறகும் செய்யலாம்.

யுஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் இணைப்புப் பெட்டி) இல்லாமல், கணினியின் வேறு போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்படியும் அதே கேள்வி வந்தால் விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் மெனுவில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கவும். 'நோ மீடியா' என்றிருந்தால் பழுது பெரும்பாலும் வன்பொருளில். சாதாரண மீட்பு மென்பொருள் உதவாது. கொள்ளளவு சரியாக இருந்து, பக்கத்தில் 'ரா' (RAW) என்றிருந்தால் ஃபைல் சிஸ்டத்தின் (எந்த ஃபைல் எங்கே என்று குறித்துவைக்கும் அமைப்பின்) தலைப்பகுதி சிதைந்திருக்கலாம். உள்ளே ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் (chkdsk) 'ரா' டிரைவைத் தொடாது. ஃபோட்டோரெக் (PhotoRec) என்ற இலவச மீட்பு மென்பொருள் மூலம் ஃபைல்களை வேறொரு டிஸ்கில் மீட்டெடுங்கள். அதே பென் டிரைவில் சேமித்தால் மிச்சமிருப்பதும் அழியும். ஃபைல்களின் பழைய பெயர்கள் திரும்பாது என்பதுதான் தலைவலி. எல்லாம் கைக்கு வந்தபின் ஃபார்மேட் செய்யலாம்.

டிரைவ் திறக்கிறது, சில ஃபோல்டர்கள் மட்டும் திறக்கவில்லையா? திறப்பதை எல்லாம் முதலில் நகலெடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, செக்டிஸ்க்கை டிரைவ் எழுத்தோடும் '/எஃப்' சேர்த்தும் ஓட்டுங்கள் (டிரைவ் எழுத்து E என்றால்: chkdsk E: /f). அது ஒட்ட முடியாத துண்டுகளை 'ஃபவுண்ட்.000' என்ற மறைந்த ஃபோல்டரில் கொட்டிவிடும், அதனால்தான் நகல் முதலில்.

20 ஜிபி காலியிருந்தும் சினிமா ஏறவில்லை என்றால் அது பழுதே அல்ல: ஃபேட்32 (FAT32) என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. உள்ளிருப்பதை நகலெடுத்துவிட்டு, எக்ஸ்ஃபேட்டாக (exFAT) ஃபார்மேட் செய்யுங்கள்.